‘ஒத்துக்க’ வரைக்கும் கேட்டது

மகன் என்ன வேலை பார்க்கிறான் என்று யாராவது கேட்டால் என் அம்மா வெங்கடம்மா யோசிக்காமல் ஒரு பதில் சொல்லுவாள்: "திருப்பதில கம்ப்யூட்டர் ஆபீசுல கதவு சாத்துறான்."

இதை அவள் கார்வேட்டிநகரம் பஸ் நிறுத்தத்தில் சொன்னாள், ரேஷன் கடை வரிசையில் சொன்னாள், மாந்தோப்புக்குக் கூலிக்குப் போன இடத்திலும் சொன்னாள். எம்.சி.ஏ. படித்த ஹரிபாபு ஆகிய நான், திருப்பதி என்றாலே லாட்ஜ் என்கிற ஊர்க் கணக்கில் லாட்ஜ் வாட்ச்மேன் ஆனது இப்படித்தான். பகல் டூட்டியா, ராத்திரி டூட்டியா என்று ஒருவர் அக்கறையாக விசாரித்தார். யூனிபாரம் அவர்களே தைத்துக் கொடுத்துவிடுவார்களா என்று இன்னொருவர் கேட்டார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் யாரைக் கோபித்துக்கொள்வது? அம்மாவுக்குப் புரியும்படி விளக்குகிறேன் பேர்வழி என்று ஒருநாள் நான்தான் சொல்லித் தொலைத்திருந்தேன். "ரெண்டு கம்ப்யூட்டரு ரகசியமா பேசிக்கும்மா. பேசி முடிச்சதும் நடுவுல கீற கதவ ஒழுங்கா சாத்தணும். அத நான் பாத்துக்கினு கீறேன்." அவள் அதில் ஒரு வார்த்தையைக்கூட மாற்றவில்லை. கொஞ்சம் சுருக்கினாள், அவ்வளவுதான்.

திருப்பதிக்கு முன்னால் பெங்களூரில் இருந்தேன். எங்கள் பக்கத்தில் படித்து முடித்தவனுக்கு அப்போது இரண்டு பஸ்தான். ஒன்று மெட்ராஸுக்கு, இன்னொன்று பெங்களூருக்கு. எங்கள் காலனியில் நிலமில்லாத வீடுகளிலிருந்துகூடப் பையன்கள் அந்தப் பஸ்களில் ஏறிப்போய் கழுத்தில் அடையாள அட்டையோடு போட்டோ அனுப்பிக்கொண்டிருந்த காலம். நானும் போனேன், நானும் போட்டோ அனுப்பினேன். பிறகு அமெரிக்காவில் பேங்குகள் கவிழ்ந்தன. ஒரு திங்கட்கிழமை காலை ஆபீஸ் வாசலில் என் அட்டையைத் தேய்த்தேன், கதவு திறக்கவில்லை. சட்டையில் துடைத்துத் தேய்த்தேன். திருப்பிப் போட்டுத் தேய்த்தேன். எனக்குப் பின்னால் வந்தவர்கள் எல்லாரும் தங்கள் அட்டையைத் தேய்த்து உள்ளே போனார்கள். கடைசியில் செக்யூரிட்டிக்காரர் என் டிபன் டப்பாவையும் ஒரு ஸ்வெட்டரையும் பிளாஸ்டிக் பையில் போட்டுக்கொண்டுவந்து கையில் கொடுத்துவிட்டு எங்கோ பார்த்தார். யாரும் என்னிடம் ‘போ’ என்று சொல்லவில்லை. அதனால் நான் ரொம்ப நேரம் போகாமல் நின்றுகொண்டிருந்தேன்.

சித்தூர் ஜில்லாவே பெங்களூரைப் பார்த்துப் போய்க்கொண்டிருந்தபோது எதிர்ப்பக்க பஸ்ஸில் உட்கார்ந்து வந்தவன் நான். ஜன்னலோர சீட் சுலபமாகக் கிடைத்தது என்பதை மறைக்காமல் சொல்ல வேண்டும்.

திருப்பதி ஏர் பைபாஸ் ரோட்டில் ஒரு ஸ்வீட் கடைக்கு மேல்மாடியில் இருந்தது எங்கள் கம்பெனி. லாட்ஜ்களுக்கு அறை பதிவு செய்யும் சாஃப்ட்வேர் செய்து விற்றோம். முதலாளி யசோதா மேடம் சித்தூர்க்காரர். திட்டுவதற்குத் தமிழ், பாராட்டுவதற்குத் தெலுங்கு என்று வைத்திருந்தார். அவர் வாயிலிருந்து நான் அதிகம் தெலுங்கு கேட்டதில்லை. சேர்ந்த நாளில் மட்டும், "முகிம்பு நுவ்வு சூஸ்கோ, ஹரி" என்றார். முடிவை நீ பார்த்துக்கொள் என்று அர்த்தம். தெலுங்கில் சொன்னதால் அதைப் பாராட்டு என்றே எடுத்துக்கொண்டேன்.

எந்த முடிவை என்பதைச் சொல்லிவிடுகிறேன். சித்தூரில் ஒரு டிராவல்ஸ்காரர் திருச்சானூர் லாட்ஜில் அறை கேட்கிறார் என்று வையுங்கள். அவருடைய கம்ப்யூட்டர் எங்கள் கம்ப்யூட்டரோடு பேச வேண்டும், எங்களுடையது லாட்ஜோடு பேச வேண்டும். நடுவில் எவனும் ஒட்டுக்கேட்கக் கூடாது என்பதால் பேச்சையே பூட்டிப் பேசுகிறார்கள். ஆரம்பிக்கும்போது பெண் பார்க்க வந்த வீட்டில் நடப்பதெல்லாம் நடக்கும். நீ யார், உனக்கு யார் ஜாமீன், எந்தச் சாவியால் பூட்டிக்கொள்ளலாம் என்று விசாரணை. அதையெல்லாம் ஆபீஸில் பெரிய ஆட்கள் பார்த்தார்கள். கும்பலாக நின்று காபி குடித்துக்கொண்டே பார்த்தார்கள். பேச்சு முடியும்போது என்ன ஆக வேண்டும் என்பதில் ஒருவருக்கும் அக்கறை இல்லை. கல்யாணத்துக்கு வந்தவர்கள் பந்தல் பிரிக்க நிற்பார்களா? அது எனக்கு வந்தது.

முடிப்பதற்கும் ஒரு முறை உண்டு. பேசி முடித்தவன், ‘நான் முடித்துவிட்டேன்’ என்று ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். அதையும் பூட்டித்தான் சொல்ல வேண்டும். கேட்டவன், ‘நானும் முடித்தேன்’ என்று பதில் சொல்ல வேண்டும். அப்புறம் இணைப்பை விடலாம். எதற்கு இவ்வளவு சடங்கு என்றால், பூட்டிய பேச்சை நடுவில் இருப்பவனால் படிக்க முடியாது, மாற்ற முடியாது, ஆனால் அறுக்க முடியும். அந்தக் கடைசி வார்த்தை வராமல் பேச்சு நின்றுவிட்டால், எதிராளி முடித்துவிட்டானா அல்லது பாதி வாக்கியத்தில் அறுந்ததா என்று தெரிந்துகொள்ள வழியே இல்லை.

இதை நான் நன்றாகப் படித்திருந்தேன். பரீட்சை வைத்தால் நூற்றுக்கு நூறு வாங்கியிருப்பேன்.

முதலில் எழுதிய புரோகிராமில் எங்கள் ஊர் மரியாதையை அப்படியே இறக்கி வைத்தேன். எங்கள் வீட்டில் யாரும் ‘போறேன்’ என்று சொல்லிவிட்டுக் கிளம்ப முடியாது. ‘போயினு வரேன்’ என்று சொல்ல வேண்டும், உள்ளே இருப்பவர் ‘போயினு வா’ என்று சொல்ல வேண்டும், அதன் பிறகுதான் செருப்பில் கால். போனில் இன்னும் மோசம். அம்மாவோடு பேசினால், "வெச்சிடட்டாம்மா?" "வெய்யிடா." "நீ வெய்யி மொதல்ல." "நீ வெய்யேன்." பிறகு இரண்டு பக்கமும் மூச்சு சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருக்கும். என் புரோகிராமும் அப்படித்தான் செய்தது. ‘நான் முடித்துவிட்டேன்’ என்று சொல்லிவிட்டு எதிராளி பதில் சொல்லும்வரை கதவைப் பிடித்துக்கொண்டு நின்றது.

லாட்ஜ்களில் இருந்ததோ பழைய சாஃப்ட்வேர். பதில் சொல்லும் பழக்கம் அதற்கு இல்லை. பல இடங்களில் வேலை முடிந்தால் மெயின் சுவிட்சையே அணைத்துவிட்டுப் போய்விடுவார்கள். பிரம்மோற்சவக் கூட்டம் வந்த வாரத்தில், செத்துப்போன பேச்சுகள் எல்லாம் என் புரோகிராமின் கையைப் பிடித்தபடி வரிசையில் நின்றன. புதிதாக ஒருவனும் உள்ளே வர இடமில்லை. ஊருக்கே அறை வேண்டும், எங்கள் சர்வரோ வழியனுப்பிக்கொண்டிருந்தது.

அன்றைக்கு ஹெல்ப்லைன் போனை என் மேஜையில் வைத்துவிட்டு எல்லாரும் டிபனுக்குப் போய்விட்டார்கள். போன் அடித்தது. திருச்சானூர் லாட்ஜ் ஒன்றின் ரிசப்ஷனிலிருந்து ஒரு பெண் குரல்.

"சார், உங்க சாஃப்ட்வேரு காலைலேருந்து தொங்கினு கீது சார். இங்க ஜனம் என்ன துன்னுடும் போல கீது."

ஹெல்ப்லைனில் ஆங்கிலமும் தெலுங்கும்தான் பேச வேண்டும் என்று விதி. "இன்னா தெரியுது ஸ்க்ரீன்ல?" என்று என் வாய் தானாகக் கேட்டுவிட்டது.

"சார், நீங்க எந்த ஊரு?"

"கார்வேட்டிநகரம் பக்கம்."

"நான் நாகலாபுரம் சார்!"

கல்பனா எனக்கு இப்படித்தான் அறிமுகம். அவளுடைய லாட்ஜ் கம்ப்யூட்டர் அன்று சாயங்காலம் வரை தொங்கியது. நான் இன்றுவரை.

மறுநாள் யசோதா மேடம் நல்ல தமிழில் கேட்டார். "கஸ்டமர் போய் ஒரு யுகம் ஆனப்புறமும் வாசல்ல நின்னு கை ஆட்டிக்கிட்டே இருப்பியா நீ?" ரோஷம் வந்துவிட்டது எனக்கு. ரோஷத்தில் எழுதும் புரோகிராமைப் போல் வேகமாக ஓடுவது வேறெதுவும் இல்லை. அன்றே எல்லாவற்றையும் பிடுங்கிப் போட்டேன். யாருக்கும் காத்திருக்காதே. எதிராளி சொல்லிக்கொண்டு போனாலும் சரி, சொல்லாமல் போனாலும் சரி, இணைப்பு விழுந்தால் பேச்சு முடிந்தது. வந்த வரைக்கும்தான் விஷயம். கட் ஆனால் முடிந்தது என்பதே என் சட்டம். சர்வர் பறந்தது. மேடம் "பாகுந்தி" என்றார், நன்றாயிருக்கிறது என்று. அந்தத் தெலுங்கு வார்த்தையோடு அன்று வீட்டுக்கு நடந்தே போனேன்.

கல்பனா தினமும் கூப்பிட்டாள். முதலில் சாஃப்ட்வேரில் கோளாறு இருந்ததால், பிறகு கோளாறு இல்லை என்று சொல்வதற்காக. ‘சார்’ போய் ‘ஹரி சார்’ ஆயிற்று, அப்புறம் ‘சார்’ உதிர்ந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் ஷேர் ஆட்டோ பிடித்துத் திருச்சானூர் போவேன். கோவிலுக்குப் போகிறேன் என்று அம்மாவிடம் சொல்வேன். பிள்ளைக்கு இவ்வளவு பக்தியா என்று அவள் ஊரெல்லாம் சொன்னாள். கதவு சாத்துகிற வேலையோடு அதையும் சேர்த்துச் சொன்னதால், கோவில் கதவாக இருக்கும் என்று சிலருக்கு என்மேல் கொஞ்சம் மரியாதை கூடியது.

கல்பனாவின் அப்பா முனிரத்தினத்துக்கு அந்த மரியாதையும் எட்டவில்லை. கூலிக்காரராக இருந்து, சர்க்கார் கொடுத்த பட்டா நிலத்தில் கிணறு வெட்டிக் கரும்பு போட்டுத் தலையெடுத்தவர். அவர் ஒரு மாப்பிள்ளை பார்த்து வைத்திருந்தார். சத்தியவேட்டுப் பக்கத்தில் வி.ஆர்.ஓ., கிராமக் கணக்கு பார்க்கும் சர்க்கார் உத்தியோகம். அந்த வீட்டார் ஞாயிற்றுக்கிழமை வந்து தட்டு மாற்றுவதாக ஏற்பாடு. அம்மாவின் விளம்பரம் புத்தூர் சந்தை வழியாக நாகலாபுரத்துக்கும் போய்ச் சேர்ந்திருந்தது. கல்பனா என் பெயரை எடுத்ததும் அவர் கேட்டாராம்: "யாரு, லாட்ஜுல கதவு சாத்துறானே, அவனா?"

கல்பனா லீவு போட்டு ஊருக்குக் கிளம்பினாள். பஸ் ஏறுமுன் என்னிடம் தெளிவாகச் சொன்னாள். "நைனாகிட்ட மறுபடியும் பேசப்போறேன். ஒத்துக்கினாருன்னா போன் பண்றேன், அம்மாவ கூட்டினு தட்டோட வந்துடு. ஒத்துக்கலன்னா அதையும் சொல்றேன். அப்ப இந்தப் பக்கமே வராத ஹரி. வந்து நின்னா ஊரே வேடிக்க பாக்கும், என்னால தாங்க முடியாது."

"போயினு வா" என்றேன். இதையாவது ஒழுங்காகச் சொன்னேன்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் போன் வந்தது. ஆபீஸ் மாடிப்படியில் நின்று எடுத்தேன். ஸ்வீட் கடையில் பூந்தி தேய்க்கும் சத்தம். காதைப் பொத்திக்கொண்டேன்.

"ஹரி, கேளு. நைனா ஒத்துக்க"

அவ்வளவுதான். கட்.

மற்ற பாஷை பேசுகிறவர்களுக்கு இந்தக் கஷ்டம் புரியுமா தெரியவில்லை. உண்டா இல்லையா என்பதை நாம் வார்த்தையின் வாலில் அல்லவா கட்டி வைத்திருக்கிறோம்? ஒத்துக்கினாரு என்றால் எனக்குக் கல்யாணம். ஒத்துக்கல என்றால் வி.ஆர்.ஓ.வுக்குக் கல்யாணம். இரண்டுக்கும் தலை ஒன்றுதான், எனக்குத் தலை மட்டும் வந்தது.

திரும்பக் கூப்பிட்டேன். தொடர்பு எல்லைக்கு வெளியே என்றது ஒரு பெண் குரல். மறுபடி கூப்பிட்டேன். ஸ்விட்ச் ஆஃப் என்றது. இரண்டாவது தகவல்தான் என்னை உட்கார வைத்தது. எல்லைக்கு வெளியே போவது போன் செய்கிற வேலை. அணைப்பது ஆள் செய்கிற வேலை.

ஊருக்குப் போன் போட்டு அம்மாவிடம் சொன்னேன். என் ஞாயிற்றுக்கிழமை பக்தியின் கதையைக் கல்பனா ஊருக்குக் கிளம்பியபோதே அவளிடம் சொல்லிவிட்டிருந்தேன். அவளுக்குச் சந்தேகமே இல்லை. "ஒத்துக்கினாருன்னுதான்டா சொல்ல வந்துக்கீது அந்தப் பொண்ணு. நான் தட்டுக்குப் பழம் வாங்கிட்டேன்."

"இல்லம்மா. ஒத்துக்கலன்னு சொல்ல வந்துக்கீறா. கொரலு எறங்கிப் போயிருந்துச்சு."

"கொரலுல இன்னாடா கீது? பசியா கீறப்ப எனக்கும்தான் எறங்கும்."

என் நண்பர்கள் ஆபீஸில் ஆளுக்கொரு வால் ஒட்டிப் பார்த்தார்கள். ஒருவன் ‘ஒத்துக்கவே மாட்டாராம்’ என்றான். ஜன்னலோரம் இருக்கும் என் மேஜைமேல் அவனுக்கு வெகுநாள் ஆசை, நான் மனசு ஒடிந்து ஊருக்குப் போய்விட்டால் அது அவனுக்கு. நான் யாரையும் கேட்டு முடிவெடுக்கவில்லை. என் சட்டப்படி முடிவெடுத்தேன். கட் ஆனது, ஆகவே முடிந்தது. போனையும் அணைத்துவிட்டாள், ஆகவே சொல்வதற்கு மிச்சமில்லை. வராதே என்று முன்கூட்டியே சொல்லியிருக்கிறாள், ஆகவே போகக் கூடாது. பெங்களூர் வாசலில் நின்றது போல் இன்னொரு வாசலில் நிற்க எனக்குத் தெம்பும் இல்லை. அழுகை வந்தது. ஆண்பிள்ளை அழுவதற்குத் திருப்பதியில் தோதான இடம் எதுவும் கிடையாது, எங்கே பார்த்தாலும் ஜனம். அதனால் மொட்டை போட்டவர்கள் கூட்டத்தில் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டேன். பக்தியில் உருகுகிறேன் என்று ஒரு பெரியவர் என் தோளைத் தட்டிக் கொடுத்தார்.

வியாழக்கிழமை காலை யசோதா மேடம் மூச்சிரைக்க வந்தார். "ஓடு, திருச்சானூருக்கு ஓடு. கல்யாண கோஷ்டி ரோட்டுல நிக்குது."

போனேன். கல்பனா வேலை பார்க்கும் அதே லாட்ஜ். சித்தூரிலிருந்து ஒரு கல்யாண கோஷ்டி வந்திருந்தது. டிராவல்ஸ்காரர் அனுப்பிய பட்டியலில் முதல் பாதி பெண் வீட்டார் பெயர்கள், மறு பாதி மாப்பிள்ளை வீட்டார். பாதி வந்துகொண்டிருக்கும்போது சித்தூரில் கரண்ட் போய்விட்டிருக்கிறது. எங்கள் சாஃப்ட்வேரில் பட்டியல் எங்கே முடிகிறது என்பதற்குத் தனி அடையாளம் கிடையாது, பேச்சு முடிவதுதான் பட்டியலின் முடிவு. பேச்சு அறுந்ததும் என் புரோகிராம், ஆகா முடிந்துவிட்டது என்று பாதிப் பட்டியலை முழுப் பட்டியலாக எடுத்துக்கொண்டு மிச்ச அறைகளை வேறு யாருக்கோ கொடுத்துவிட்டது. பெண் வீட்டார் எல்லாரும் குளித்து மாடியில் தலை உலர்த்திக்கொண்டிருந்தார்கள். மாப்பிள்ளை வீட்டார் வாசலில் மூட்டை முடிச்சோடு நின்றார்கள். மாப்பிள்ளை தன் சூட்கேஸ் மேல் உட்கார்ந்திருந்தார். தனக்குக் கல்யாணம் உண்டா இல்லையா என்று தெரியாத முகம். அந்த முகத்தை நான் இரண்டு நாளாகக் கண்ணாடியில் பார்த்துவருவதால் உடனே அடையாளம் தெரிந்தது.

மேடம் போனில் கத்தினார். "பாதிப் பட்டியல எப்படி எடுத்துக்கிச்சு உன் புரோகிராம்?"

"கனெக்ஷன் கட்டாச்சு மேடம். முடிஞ்சதுன்னு எடுத்துக்கிச்சு."

"முடிஞ்சதுன்னு யாரு சொன்னாங்க?"

"யாரும் சொல்லல மேடம். கட்டாச்சு."

"கட்டாச்சுன்னா மறுபடி கேக்கணுமா இல்லையா? நீயா முடிச்சுக்குவியா?"

மேடம் அதற்கப்புறமும் நிறைய திட்டினார், நான் கேட்கவில்லை. முடிஞ்சதுன்னு யாரு சொன்னாங்க? யாரும் சொல்லவில்லையே. கல்பனா ‘வெச்சிடட்டா’ என்று கேட்கவில்லை. ‘நீ வெய்யி’ என்று நானும் சொல்லவில்லை. தினமும் கால்மணி நேரம் அந்தச் சண்டை போடாமல் போனை வைக்காதவள், வாழ்க்கையிலேயே பெரிய விஷயத்தைச் சொல்லும்போது மட்டும் சொல்லாமல் வைத்துவிட்டாள் என்று நம்பிய என்னை என்ன சொல்வது? பூட்டு, சாவி, கடைசி வார்த்தை என்று ஊருக்கெல்லாம் பாடம் எடுத்தவன் நான்.

மேடம் இரண்டு லாட்ஜ்களுக்குப் பேசி மாப்பிள்ளைக்கு அறை பிடித்தார். அவர் சூட்கேஸைத் தூக்கி உள்ளே வைத்துவிட்டு, "நல்லா இருங்க" என்று சொல்லி, பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினேன். அம்மா இல்லை, தட்டு இல்லை, சட்டையில் கல்யாண மூட்டையின் மஞ்சள் கறை. புத்தூரில் பஸ் மாறி நாகலாபுரத்தில் இறங்கியபோது வெயில் சாய ஆரம்பித்திருந்தது.

கோவிலைத் தாண்டி, கரும்பு லோடு நிற்கும் இடத்தில் கல்பனா வீட்டை விசாரித்து நடந்தேன். ஊர்க்கோடித் தெருவில் திரும்பும்போது சட்டைப் பையில் போன் துடித்தது. கல்பனாவோ என்று பதறி எடுத்தேன். ‘தமிழ்நாடு தங்களை அன்புடன் வரவேற்கிறது. நீங்கள் ரோமிங்கில் இருக்கிறீர்கள்.’ நான்கு எட்டு பின்னால் வந்தேன், ஆந்திரம் வரவேற்றது. அந்தப் பக்கத்து எல்லை ஊர்களில் இது சகஜம். பாதை ஆந்திரத்தில் இருக்கும், காற்று தமிழ்நாட்டில் இருக்கும். பேசிக்கொண்டே தெருவில் நடந்தால் டவர் மாறும்போது பேச்சு அறுந்துவிடும். அப்பாவுக்குக் கேட்கக் கூடாதென்று கல்பனா பேசியபடியே வீட்டுக்குப் பின்னால் போயிருப்பாள். போகிற வழியில் ‘ஒத்துக்க’ ஆந்திரத்தில் நின்றுவிட்டது, வால் மட்டும் தமிழ்நாட்டுக்குப் போய்விட்டது.

கல்பனா வாசலில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் முறத்தைக் கீழே வைத்தாள். முகம் சிவந்தது.

"இப்ப இன்னாத்துக்கு வந்த?"

"கல்பனா, எனக்கு ‘ஒத்துக்க’ வரைக்கும்தான் கேட்டுச்சு."

"இன்னாது?"

"நைனா ஒத்துக்க. அதோட கட்டாயிடுச்சு."

அவள் என்னையே பார்த்தாள். "நான் முழுசா சொன்னேனே! சொல்லி முடிச்சுட்டு நிக்கிறேன், நீ சரின்னும் சொல்லல, முடியாதுன்னும் சொல்லல. வெச்சிட்டன்னு நெனச்சேன். பயந்துகினு வெச்சிட்டன்னு. அந்தக் கோவத்துல போனையே அணச்சுட்டேன்."

"நான் வெக்கல."

"நானும் வெக்கல."

"முழுசா இன்னா சொன்ன?"

"நைனா ஒத்துக்கணும்னா நீ நேர்ல வந்து உன் வாயால கேக்கணுமாம். அதான் சொன்னேன்."

உண்டு என்று அம்மா அடித்துச் சொன்னாள், இல்லை என்று நான் அழுதேன், ஆபீஸே கட்சி பிரிந்து நின்றது. அந்த வார்த்தைக்கு மூன்றாவதாக ஒரு வால் இருக்கலாம் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

முனிரத்தினம் கழனியிலிருந்து வந்தார். தொட்டியில் கால் கழுவினார். எழுந்து நின்றேன். மாமா என்று கூப்பிடுவதா, அதற்குள் உரிமை கொண்டாடுவதாக நினைப்பாரோ என்று பாதியில் சந்தேகம் வந்து, "மா" என்பதோடு நிறுத்திவிட்டேன். கட்டியிருந்த கன்றுக்குட்டி திரும்பிப் பார்த்தது.

"நீதான் அந்தக் கதவு சாத்துற பையனா?" என்றார்.

"ஆமாங்க."

"அது இன்னா வேல? வெவரமா சொல்லு."

சொன்னேன். இந்த முறை சுருக்காமல் சொன்னேன். மோர்ச் செம்பை வைத்துக்கொண்டு கடைசி வரை கேட்டார்.

"அப்ப, பேசி முடிச்சவன் முடிச்சிட்டேன்னு சொல்லணும், எதிராளு சரின்னு சொல்ற வரைக்கும் நிக்கணும். அவ்ளோதானா?"

"அவ்ளோதாங்க."

"அதுக்கு சம்பளம் தராங்களா?"

"தராங்க."

"நாளைக்கும் அந்த வேல இருக்குமா?"

"தெரியலீங்க. பெங்களூர்ல ஒருநாள் காலைல இல்லாம பூடுச்சு."

கல்பனா கதவுக்குப் பின்னால் நெற்றியில் அடித்துக்கொண்டது தெரிந்தது. எனக்கும் தெரியும், மாப்பிள்ளையாக வந்தவன் சொல்லக்கூடிய பதில் இல்லை அது. ஆனால் உண்மை அதுதான், வேறெதுவும் கையில் இல்லை.

"அப்ப இன்னா பண்ண?"

"வாசல்லியே நின்னுகினு இருந்தேங்க." அதோடு சேர்த்தே சொல்லிவிட்டேன். "கல்பனாவ எனக்குக் குடுங்க. அவ இல்லன்னா என்னால முடியாதுங்க."

அவர் கன்றுக்குட்டியைப் பார்த்தார். கரும்பு லோடு போவதைப் பார்த்தார். ரோட்டில் பஸ் வந்து ஹாரன் அடித்தது. கடைசி பஸ் அதுதான் என்று கல்பனா கண்ணால் ஜாடை காட்டினாள். வேறு வழியில்லாமல் நகர்ந்து, செருப்புக்குப் பக்கத்தில் வந்து சொன்னேன்.

"போயினு வரேங்க."

பதில் இல்லை.

நான் எழுதிய புரோகிராமாக இருந்திருந்தால் அந்த நிமிஷமே கதவைச் சாத்திக்கொண்டு போயிருக்கும். நான் நின்றேன். ஒரு கால் செருப்பில், ஒரு கால் தரையில். பக்கத்து வீட்டில் இரண்டு பேர் சுவருக்கு மேல் எட்டிப் பார்த்தார்கள். ஊரே வேடிக்கை பார்க்கும் என்று கல்பனா சொன்னது சரிதான்.

"போயினு வரேங்க" என்று மறுபடி சொன்னேன். என் குரல் எனக்கே பாவமாக இருந்தது. பஸ் இன்னொரு முறை ஹாரன் அடித்தது, பிறகு கியர் மாற்றும் சத்தம், பிறகு சத்தமே இல்லை.

"பஸ்ஸு பூடுச்சு" என்றார் முனிரத்தினம்.

"ஆமாங்க."

"இன்னும் இன்னாத்துக்கு நிக்கிற?"

"நீங்க ஒண்ணும் சொல்லலீங்களே."

அவர் என்னைப் பார்த்தார், மகளைப் பார்த்தார், என் ஒற்றைச் செருப்பைப் பார்த்தார். வாய் ஓரத்தில் என்னவோ அசைந்தது.

"போயினு வா" என்றார். "ஞாயித்துக்கெழம உங்க அம்மாவ கூட்டினு வா. அந்த சத்தியவேட்டு ஆளுங்களுக்கு நான் சொல்லிக்கிறேன். பாயசத்துக்கு வெல்லம் எப்பிடியும் வாங்கியாச்சு."

கல்பனா உள்ளே ஓடினாள். எனக்கு இன்னொரு செருப்பு எங்கே என்று தெரியவில்லை, கண் மங்கிவிட்டது. எங்கள் வீட்டு வாசலுக்கு வெளியே முதல்தடவையாக முறைப்படி, இரண்டு பக்கமும் சொல்லி விடைபெற்றிருந்தேன். ஆனால் போவதற்குப் பஸ் இல்லை. அதே வீட்டுக்குள் திரும்பிப் போய் உட்கார்ந்தேன். "துன்னுட்டு பால் வண்டியில போ" என்றார் முனிரத்தினம். துன்னேன், இரண்டாம் முறை சோறு கேட்டு வாங்கியும் துன்னேன்.

வெள்ளிக்கிழமை ஆபீஸில் உட்கார்ந்து புரோகிராமை மாற்றினேன். எதிராளியின் பதிலுக்குக் கொஞ்சம் காத்திரு, யுகம் முழுக்க வேண்டாம். கடைசி வார்த்தை வராமல் அறுந்தால் கேட்டதை முழுசு என்று நம்பாதே, பாதி என்று குறித்து வைத்துக்கொண்டு போய் மறுபடி கேள். மேடம் படித்துப் பார்த்துவிட்டுத் தெலுங்கில் ஏதோ சொன்னார். கல்யாண அவசரத்தில் சரியாகக் கேட்கவில்லை.

கல்யாணம் திருச்சானூரில்தான் நடந்தது. அறைப் பட்டியலை நானே கையில் எடுத்துக்கொண்டு போய்க் கொடுத்தேன். அம்மா இப்போதும் கதவு சாத்துறான் என்றுதான் சொல்கிறாள், ‘சம்மந்திக்கு அந்த வேல ரொம்பப் புடிச்சிப்போச்சு’ என்று ஒரு வரி சேர்த்திருக்கிறாள்.

கல்பனா மட்டும் அந்தச் செவ்வாய்க்கிழமையை இன்னும் விடவில்லை. புது போன் வாங்கட்டுமா என்றாலும், நண்பர்களோடு வெளியூர் போகட்டுமா என்றாலும் என்னை ஒரு பார்வை பார்த்து, "ஒத்துக்க" என்று சொல்வாள். அதோடு நிறுத்திக்கொண்டு சமையலறைக்குள் போய்விடுவாள். நான் பின்னாலேயே போய் மறுபடி கேட்கிறேன்.